எம்.வி. வெங்கட்ராமின் ‘காதுகள்’: மனநோயும் இழிவுச் சொல்லும்

மலேசியத் தமிழரிடையே ‘தஞ்சோங் ரம்புத்தான்’ என்பது ஊர்ப்பெயர் மட்டுமன்று. ஒருவரை எள்ளி நகையாடப் பயன்படும் வசைச்சொல்லும் ஆகும். பேராக் மாநிலத்தில் 1911ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மனநல மருத்துவமனை அவ்வூரில் அமைந்ததே இதற்குக் காரணம். அம்மருத்துவமனை இன்று ‘பஹாகியா’, அதாவது மகிழ்ச்சி, என்னும் பெயரைத் தாங்கியுள்ளது. சிங்கப்பூரின் உட்பிரிட்ஜ் மருத்துவமனையும் 1993இல் மனநலக் கழகமாயிற்று. ஆயினும் பழைய ஏளனம் முற்றும் மறையவில்லை. பெயர் மாற்றத்தால் மட்டும் இழிவு நீங்குவதில்லை என்பதை இவற்றால் அறியலாம். நோயுற்றவரைப் பற்றி நாம் பேசுகிறோம். அவர் பேசுவதைக் கேட்பதில்லை. இழிவின் வேர் இங்கேதான் உள்ளது எனலாம். இக்கருத்தை 1993ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற ‘காதுகள்’ புதினத்தின் வழி நோக்குவோம்.

புதினத்தின் தலைவன் மகாலிங்கம் ஓர் எழுத்தாளன், குடும்பத்தைத் தாங்குபவன், முருகனை வழிபடுபவன். அவனுடைய காதுகளில் ஓயாமல் குரல்கள் ஒலிக்கின்றன. அவை இகழ்கின்றன, ஆபாசம் பேசுகின்றன, அவனது பக்தியைக் குலைக்க முயல்கின்றன. ஆசிரியர் தம் வாழ்வில் பட்ட துன்பமே இப்புதினத்திற்கு அடிப்படை என்பது குறிப்பிடத்தக்கது. தலைப்பும் நம் கவனத்திற்குரியது. அது ‘பைத்தியம்’ என்றோ ‘பேய்’ என்றோ கூறவில்லை. எல்லார்க்கும் உள்ள உறுப்பொன்றையே சுட்டுகிறது. வேண்டாதவற்றைக் காணாதிருக்கக் கண்ணை மூடலாம்; உள்ளிருந்து எழும் குரலுக்குக் காதை அடைத்துப் பயனில்லை. இவ்வுண்மையை உணரும் வாசகர், மகாலிங்கத்தை வேடிக்கை பார்க்கும் நிலையிலிருந்து விலகி, அவனுக்கு அருகில் வந்து அமர்ந்துவிடுகிறார். நோய் அவனது வாழ்வின் ஒரு பகுதி. அவன் முழுமையும் நோயன்று. இதனை உணர்த்துவதே புதினத்தின் தலையாய வெற்றி.

எனினும், ஒரு வரையறையையும் நாம் மறைத்தல் ஆகாது. புதினம் இப்போராட்டத்தைப் பெரிதும் ஆன்மிக மொழியிலேயே விளக்குகிறது. தீய ஆற்றலுக்கும் இறையருளுக்கும் இடையிலான போராகவே மகாலிங்கம் அதனை உணர்கிறான். ஒரு படைப்பாளி தம் துன்பத்திற்குத் தாம் கண்ட பொருளை மறுக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் அவ்விளக்கத்தை அப்படியே வாழ்க்கைக்கு வழிகாட்டியாகக் கொண்டால், மருத்துவம் தேட வேண்டியவர் மந்திரிப்பவரிடமே காலத்தைக் கழிக்க நேரிடும். மறுபுறம், நூலை வெறும் நோய்க்குறிப்பாகச் சுருக்கினால், மீண்டும் அம்மனிதரின் குரலை அடக்கியவராவோம். வழிபாடு ஆறுதல் தரலாம். மருத்துவம் நோயைத் தணிக்கலாம். ஒன்றை நாடுவோர் மற்றொன்றைக் கைவிட வேண்டியதில்லை.

சட்டங்கள் மாறி வருகின்றன. மலேசியாவில் 2001ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் 2010இல் நடைமுறைக்கு வந்தது. தற்கொலை முயற்சி குற்றம் என்னும் நிலை சிங்கப்பூரில் 2020இலும் மலேசியாவில் 2023இலும் நீங்கியது. சட்டம் கைவிட்ட குற்றப்பார்வையை நம் பேச்சு இன்னும் கைவிடவில்லை. இங்கே தமிழாசிரியரின் பொறுப்பு பெரிது. ‘மறை கழன்றவன்’ போன்ற தொடர்களை மரபுவழக்கு என்று கற்பிக்கையில், அவை யாரைப் புண்படுத்துகின்றன என்பதையும் வகுப்பில் பேச வேண்டும். உறக்கமின்றித் தவிப்பதாகவோ குரல் கேட்பதாகவோ ஒரு மாணவர் கூறினால், சிரிக்காமலும் அஞ்சாமலும் கேட்டு, பள்ளி ஆலோசகரிடமும் மருத்துவரிடமும் அவரைச் சேர்ப்பிக்க வேண்டும்.

வகுப்பில் ஏளனச் சிரிப்பைக் கேட்ட மாணவர் தம் துன்பத்தை வாய்திறந்து கூறமாட்டார். அவர் கூறத் துணிவதும் மறைத்து வருந்துவதும் நாம் ஆளும் சொற்களையும் பொறுத்தவை. ‘காதுகள்’ நம்மிடம் வேண்டுவது இரக்கத்தையன்று; செவிமடுத்தலையே ஆகும்.