பிளடிவுட் குழுவின் இசைக் காணொளிகள்

பிளடிவுட், 2016-இல் புது தில்லியில் தொடங்கப்பட்ட மெட்டல் இசைக்குழு. கரன் கட்டியார், ஜயந்த் பதூலா, ரவுல் கெர் ஆகியோர் இதன் முதன்மைக் கலைஞர்கள். ஹார்டு ராக்கிலிருந்து கிளைத்த கனத்த கிதார் இசையுடன் டோல் மேளமும் புல்லாங்குழலும் இதில் சேர்கின்றன. யூடியூப் வழியே அறியப்பட்ட குழு என்பதால், பாடலோடு காணொளியையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

பகடி

தொடக்கத்தில் இந்தித் திரைப்பாடல்களையும் மேற்கத்திய பாப் பாடல்களையும் இக்குழு மெட்டல் பாணிக்கு மாற்றியது. மென்மையான பாட்டை உறுமும் குரலில் கேட்பதே அவற்றின் நகைச்சுவை. இரண்டாம் முறை பார்க்கும்போது அந்தச் சிரிப்பு குறைந்துவிடுகிறது.

வண்ணக் காட்சி

'ஆரி ஆரி' (2018), 'மச்சி பஸட்' (2019) ஆகியவற்றில் ஆட்டமும் வண்ணமும் முன்னுக்கு வந்தன. பின்னது இராசத்தானில் படமாக்கப்பட்டது. காட்சியின் வேகம் இசைக்குப் பொருந்துகிறது. ஆனால் வெளிநாட்டார் எதிர்பார்க்கும் இந்தியாவையே அது காட்டுகிறது. உள்ளூர் மக்கள் பின்னணி அழகாக நின்றுவிடுகின்றனர்.

இங்கு தமிழ்நாட்டின் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவை ஒப்பிடலாம். 2018 சனவரியில் சென்னையில் முதல் நிகழ்ச்சி நடத்திய அக்குழுவினர், கானாவையும் ராக்கையும் கோட்டு அணிந்து மேடையேற்றினர். அங்கு உடையே ஒரு கருத்தாயிற்று. 'மச்சி பஸட்' காணொளியில் உடை அலங்காரமாகவே உள்ளது.

கதை

இதே ஆண்டுகளில் வேறொரு போக்கும் வளர்ந்தது. 'ஜீ வீரே' (2018) மனச்சோர்வையும், 'எண்டூரன்ட்' (2019) பிறரைச் சீண்டித் துன்புறுத்துவதையும் பேசின. 'ஜீ வீரே' வெளியானபோது இலவச உளவியல் ஆலோசனைக்கும் குழு ஏற்பாடு செய்தது. 'யாத்' (2020) ஒரு மனிதனுக்கும் அவனது நாய்க்கும் உள்ள பிணைப்பைச் சொல்கிறது. இரைச்சலான இசைக்குள் இழப்பின் துயரத்தை இக்கதை கொண்டுவருகிறது. மெட்டல் என்றாலே கோபம் என்னும் எண்ணம் இங்கு உடைகிறது.

மதிப்பீடு

2025-இல் ஜப்பானின் பேபிமெட்டல் குழுவுடன் இணைந்த 'பேகௌஃப்' பாடலுக்கு இக்குழு அசைவூட்டப் படத்தைப் பயன்படுத்தியது. கருவிகள் மாறினாலும் அளவுகோல் ஒன்றே: திரையில் தோன்றுபவருக்குச் சொந்தக் கதை உண்டா என்பது. அவ்வகையில் 'யாத்' இக்குழுவின் சிறந்த காணொளி. கூட்டமும் வண்ணமும் கண்ணைக் கவர்ந்த இடத்தில், ஒரு மனிதனும் ஒரு நாயும் மனத்தில் தங்குகின்றனர்.