மோர்கோன் ஒயினின் மணம்

பிரான்ஸின் போஜோலே பகுதியை உலகம் அறிந்தது நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை விற்பனைக்கு வரும் புது ஒயினால். அறுவடையான சில வாரங்களிலேயே புட்டிக்குள் போய்விடும் அந்த ஒயினைக் கொண்டு அந்த மண்ணை அளந்துவிடக் கூடாது. அங்குள்ள மோர்கோன் சரிவுகளில், அதே காமே திராட்சையிலிருந்து, எதையும் சேர்க்காமல் செய்யும் ஒயினின் ருசியே வேறு.

அந்த வழியைத் திறந்தவர் மார்செல் லப்பியேர். 1973இல் குடும்பத் தோட்டம் அவர் கைக்கு வந்தது. களைக்கொல்லி, கடையில் வாங்கிய ஈஸ்ட், தாராளமான கந்தகம் என்பதுதான் அப்போதைய வழக்கம். 1981இல் ஜூல் ஷோவேயைச் சந்தித்தபின் அவர் மாறினார். ஷோவே ஒயின் வணிகர், கூடவே வேதியியலாளர். நுண்ணோக்கியில் ஈஸ்ட்டை ஆராய்ந்தவர். இயற்கை ஒயினுக்கு வழிகாட்டியவர் ஓர் அறிவியலாளர் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ழான் ஃபுவாயார் போன்ற அண்டைத் தோட்டக்காரர்களும் இதே பாதைக்கு வந்தார்கள்.

வேலை தோட்டத்திலேயே தொடங்கிவிடுகிறது. களைக்கொல்லி இல்லையென்றால் மண்ணைக் கொத்தித்தான் தீர வேண்டும். கொடிகள் இங்கே பந்தலேறாமல் குட்டையான புதராக நிற்கும். குனிந்து, கையால்தான் பறிக்க வேண்டும். அழுகின பழத்தை அப்போதே கழித்துவிட வேண்டும், ஏனென்றால் கெடுதல் செய்யும் பாக்டீரியாவை அடக்கக் கந்தகம் இருக்காது. அதற்காகவே குலைகளைக் குளிரவைத்த பிறகுதான் தொட்டியில் இறக்குகிறார்கள்.

குலைகளை நசுக்குவதில்லை. அடியில் இருப்பவை மேற்பாரத்தில் உடைந்து சாறு விடும். பழத்தோலில் இருந்த ஈஸ்ட்டே அதை நொதிக்கவைக்கும். கிளம்பும் கரியமில வாயு தொட்டியை நிரப்பும். காற்றில்லாத அந்த மூச்சடைப்பில், மேலே இருக்கும் முழுப் பழங்களுக்குள், தோல் கிழியாமலே ஒரு மாற்றம் நடக்கிறது. பழத்தின் சொந்த நொதிகள் சர்க்கரையில் கொஞ்சத்தை ஆல்கஹாலாக்கும், மாலிக் அமிலத்தின் கூர்மையையும் குறைக்கும். புதுப் பழத்தின் அந்த மணம் பிறப்பது இங்கேதான். பிறகு பிழிந்து, மீதமுள்ள சர்க்கரையை ஈஸ்ட்டிடம் விட்டுவிடுவார்கள். அவசரப்படுத்துவதில்லை.

நல்ல மோர்கோனைச் சற்றுக் குளிர்ச்சியாகக் குடிக்க வேண்டும். செர்ரி வாசம் முதலில் எழும். வயலெட் பூ மெல்லத் தொடரும். துவர்ப்பு நாவைப் பிடிக்காது. சில வருடம் வைத்தால் மண்வாசமும் கூடும். வடிகட்டாததால் கொஞ்சம் கலங்கியிருந்தால் குறையில்லை. ஆனால் காடி நெடியோ எலி வாடையோ வீசும் ஒயினை "இயற்கையின் குணம்" என்று விற்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது கவனக்குறைவு, ஷோவேயின் வழிக்கே எதிரானது.

லப்பியேர் 2010இல் காலமானார். தோட்டத்தை இப்போது பிள்ளைகள் பார்த்துக்கொள்கிறார்கள். சிறிது கந்தகம் சேர்த்தது, சேர்க்காதது என்று மோர்கோனை இரண்டு விதமாகப் புட்டியில் அடைக்கிறார்கள். சேர்க்காததை வாங்குபவர்கள் அதைக் குளிர்ந்த நிலவறையிலேயே வைத்திருக்க வேண்டும். சூடேறினால் புட்டிக்குள்ளேயே மறுபடி நொதிக்கத் தொடங்கிவிடக் கூடும்.