நாலு பேர் தூக்குற வண்டி

நண்பர் ஒருத்தர் ரயில்வே புஷ் டிராலியை மினியேச்சராகச் செய்து, போட்டோ அனுப்பி, "குறை இருந்தா சொல்லுங்க பாஸ்" என்றார். சொன்னேன். அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மற்ற மாடல்காரர்களுக்கும் (எனக்கும்தான்) பொருந்தும் என்பதால், அவரைக் கேட்டுக்கொண்டு இங்கே போடுகிறேன்.

விம்கோ நகர், எண்ணூர் பக்கம் ரயில் பாதையை ஒட்டி நடமாடுகிறவர்கள் இந்த வண்டியைப் பார்த்திருப்பீர்கள். நாலு சக்கரம், மேலே பலகை, ஒரு பெஞ்ச், கை பிரேக், வெயிலுக்குப் பெரிய குடை, சிவப்புக் கொடி. பெஞ்சில் பாதையைப் பார்த்துக்கொண்டே வரும் இன்ஜினியர். பின்னால் ரெண்டு பேர், சுமார் 7 சென்டிமீட்டர் அகலமுள்ள தண்டவாளத்தின் மேலேயே ஓடித் தள்ளுவார்கள். வேகம் பிடித்ததும் தாவி ஏறிக்கொள்வார்கள். இன்ஜின் கிடையாது.

முதலில் அளவு. அவர் எடுத்தது எச்.ஓ. ஸ்கேல், அதாவது 87-ல் ஒரு பங்கு. கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மி.மீ. அது 1435 மி.மீ. வெளிநாட்டுப் பாதைக்கான கணக்கு. நம்ம அகலப்பாதை 1676 மி.மீ.; 87-ஆல் வகுத்தால் 19.3 வரணும். கிட்டத்தட்ட 14 சதவீதம் உதைக்கிறது. பெரிய டீசல் இன்ஜினில் இந்தத் தப்பு உடம்புக்கு அடியில் மறைந்துவிடும். டிராலியில் எங்கே மறைப்பது? வண்டியே அந்த அகலம்தான். ஓ கேஜ் 32 மி.மீ. தண்டவாளத்தை எடுத்துக்கொண்டு, அதற்கேற்ப 52-ல் ஒரு பங்கு என்று செய்தால் கணக்கு சரியாக உட்காரும். 170 செ.மீ. ஆள் 33 மி.மீ. உயரம் வருவார்.

அடுத்து பெயின்ட். பளபளவென்று, ஷோரூமிலிருந்து வந்த மாதிரி. கொலராடோவில் ரியோ கிராண்டே சதர்ன் என்ற நொடித்துப்போன ரயில் கம்பெனி, 1931-ல் பழைய பியூக் காரை ரயில் சக்கரத்தில் ஏற்றி ஓட்டியது. அப்புறம் பியர்ஸ்-ஆரோ கார்கள். 'கேலப்பிங் கூஸ்' என்று பேர். நாற்பதுகளில் சிலவற்றுக்கு பஸ் பாடி மாற்றினார்கள்; பிறகு சரக்கு வைக்கும் பகுதியில் டூரிஸ்ட்டுக்காக ஜன்னல் வெட்டினார்கள். அதனால் கூஸ் மாடல் செய்பவர் எந்த வருஷத்து கூஸ் என்று முடிவு பண்ணாமல் கத்தியைக் கையில் எடுக்க முடியாது. சாஃப்ட்வேர்க்காரன் பாஷையில் சொன்னால், வெர்ஷன் நம்பர். நண்பரின் டிராலிக்கு வருஷமும் இல்லை, ஊரும் இல்லை. ஒரு பலகைகூட மாற்றப்படாத டிராலியை நான் பார்த்ததே இல்லை.

இதெல்லாம் சில்லறைக் குறை. பெரிய குறை, அவர் மாடலில் ஆளே இல்லை.

இந்திய ரயில்வேயின் பொது விதிகளில் (1976) டிராலிக்கு ஒரு வரையறை உண்டு. நாலு பேர் சேர்ந்து பாதையிலிருந்து அப்படியே தூக்கிவிட முடிந்தால் அது டிராலி. அதே மாதிரி வண்டி, ஆனால் அதைவிட கனம் என்றால் 'லாரி'. ஆமாம், விதியிலேயே லாரிதான். நீளம், அகலம், கிலோ எதுவும் கணக்கில் இல்லை. அளவுகோல் மனுஷன் தோள். கம்போடியாவின் மூங்கில் ரயிலிலும் இதே கதைதான். எதிரெதிரே ரெண்டு வண்டி வந்தால் சுமை குறைந்ததைக் கழற்றி ஓரம் வைப்பார்கள். தூக்கும் ஆள் இல்லாத டிராலி மாடலை வைத்து, அது டிராலியா லாரியா என்று எப்படிச் சொல்வது?

ஒரு விஷயம் அவர் அருமையாகச் செய்திருக்கிறார். இரு பக்கச் சக்கரங்களுக்கும் நடுவே இன்சுலேஷன். அவர் மாடல் தண்டவாளத்தில் ஷார்ட் ஆகக் கூடாதென்று வைத்தார். நிஜ டிராலியிலும் அது உண்டு, காரணம் வேறு. டிராக் சர்க்யூட் உள்ள பாதையில் சக்கரமும் அச்சும் ரெண்டு தண்டவாளத்தையும் இணைத்தால், ரயில் நிற்கிறது என்று சிக்னல் எடுத்துக்கொள்ளும். அதைத் தவிர்க்கத்தான் இன்சுலேஷன். அதாவது மேலே ஆட்கள் இருப்பது அந்த சர்க்யூட்டுக்குத் தெரியாது. கொடி, கண், காது, விதிப்படி செய்யும் முன்னேற்பாடு, சமயத்தில் சட்டென்று வண்டியைத் தூக்கும் கைகள், இவைதான் காவல். இதைக் காட்டாத மாடல் வெறும் சக்கரம் வைத்த பலகை.

அதனால் என் யோசனை: காலியான பாதை, பக்கத்தில் ஜல்லிக்கு அப்பால் இறக்கி வைத்த டிராலி, சுற்றி மூச்சு வாங்க நிற்கும் நாலு பேர், குடையை மடக்கிக்கொண்டு இன்ஜினியர்.

நண்பர் உடனே போன் பண்ணினார். "அப்போ நான் ரெண்டு வாரம் உக்காந்து சக்கரம் சுத்த வெச்சது எதுக்கு பாஸ்?"