சாயரட்சை என்னுஞ் சொல்

சிவாலயங்களில் அந்திப்போதில் நிகழும் பூசனையைச் சாயரட்சை என்பது வழக்கு. இது வேண்டா, 'மாலைப் பூசை' என்க என்பார் சிலர். தமிழ்ப்பற்றால் எழுந்த கூற்றாதலின் இகழற்பாலதன்று, ஆயினும் ஆராயத்தக்கது.

சாயமென்றது ஈண்டு எம் ஐயம்பேட்டை நெசவாளர் பட்டுக்கு ஏற்றும் நிறமன்று. அந்தியை உணர்த்தும் வடசொல். இரட்சையாவது காப்பு. 'மாலைப் பூசை' என்புழிப் பொழுதுஞ் செயலும் பெறப்படும். காப்பென்னும் பயன் பெறப்படாது. அன்றியும், விபூதி, பசிதம், பசுமம், சாரம், இரட்சை எனத் திருநீற்றுக்குரிய ஐந்து பெயர்களுள் இஃதொன்று. தமிழிலுங் காப்பென்பது திருநீற்றுக்குப் பெயராதல் நோக்குக. ஆளுடையபிள்ளையார் பாண்டியனது வெப்பு நோய் தீர்த்தது அக்காப்பினாலன்றோ?

தமிழ்ச்சொல்லே வேண்டுமெனின் 'அந்திக்காப்பு' என்னலாம். குழந்தைகட்கு அந்தியிற் காப்பிடுதல் தொன்றுதொட்ட வழக்காதலின், அச்சொல் நம்மனோர் செவிக்குப் புதிதுமன்று.