சௌபத்திரமும் வள்ளி திருமணமும்

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து தளேகாவ் திரும்பிய நம் குடும்பங்களின் பெட்டிகளில் முறுக்கும் அதிரசமும் இருந்தன. செவிகளில் மார்கழிக் கச்சேரிகள் இருந்தன. சென்னைச் சபைகளில் யார் பாட்டு சிறந்தது, எந்தச் சபையில் சிற்றுண்டி சிறந்தது என்னும் பேச்சு ஓயாத சனவரி முதல் வாரத்தில், ஒரு புதன்கிழமை மாலை, நாங்கள் சிலர் பிள்ளைகளுடன் லோக்கல் இரயிலேறிச் சின்ச்வட் சென்றோம். மறுநாள் பள்ளியும் அலுவலும் உண்டு என்பதைப் பொருட்படுத்தவில்லை. ‘சங்கீத சௌபத்திரம்’ என்னும் மராத்தி இசை நாடகத்தைக் காண்பதே நோக்கம். அவ்விரவு எங்கள் உள்ளத்தில் எழுப்பிய எண்ணங்களை அன்பர்கள் முன் வைக்க விழைகின்றோம்.

சௌபத்திரம் 1882இல் அரங்கேறியது. இதனை இயற்றியவர் அண்ணாசாகேப் கிர்லோஸ்கர் (1843–1885). இதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1880இல், அவர் காளிதாசனின் சாகுந்தலத்தை மராத்தி இசை நாடகமாக்கிப் பூனாவில் மேடையேற்றியிருந்தார். 1843இல் விஷ்ணுதாஸ் பாவே சாங்லியில் ‘சீதா சுயம்வரம்’ நடத்திய காலம் தொட்டு, பாடும் பொறுப்பு சூத்திரதாரனுடையதாகவே இருந்தது. பாத்திரங்கள் பேசும், அவன் பாடுவான். கிர்லோஸ்கரோ பாத்திரத்தின் பாட்டைப் பாத்திரத்தின் வாயிலேயே வைத்தார். கதையைப் பற்றிய பாட்டு, கதைக்குள் நிகழும் பாட்டாயிற்று. இதுவே அவர் செய்த புரட்சி.

மராத்தி நாடகம் நமக்கு முற்றும் அயலானதன்று. 1684இல் தஞ்சையில் பட்டமேறிய சகசி மன்னர் மராத்தியிலும் நாடகங்கள் இயற்றியவர். அக்கால ஏடுகள் சரசுவதி மகாலில் உள்ளன. பாவேயின் நாடகத்திற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னரே காவிரிக்கரையில் மராத்தி நாடகம் எழுந்துவிட்டது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. பின்னர் தஞ்சைக்கு வந்த மராத்திக் கீர்த்தனக்காரர்களிடமிருந்து சாகி, திண்டி, ஓவி, அபங்கம் ஆகியவற்றைத் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் போன்றோர் நம் கதாகாலட்சேபத்தில் சேர்த்தனர். ஆதலின், மேடையில் சாகியும் திண்டியும் ஒலித்தபோது எங்களுடன் வந்த முதியவர் ஒருவர், மராத்தி அதிகம் அறியாதவராயினும், தலையசைத்துத் தாளம் போடத் தொடங்கிவிட்டார்.

கதை யாவரும் அறிந்ததே. அருச்சுனன் சுபத்திரையை விரும்புகிறான். தமையன் பலராமனோ அவளைத் துரியோதனனுக்குக் கொடுக்க எண்ணுகிறான். நாரதர் வருகிறார். கண்ணன் மறைவில் நின்று சூழ்ச்சி செய்கிறான். அருச்சுனன் துறவி வேடம் பூண்டு துவாரகை புக, அவனுக்குப் பணிவிடை செய்யச் சுபத்திரையையே அனுப்பி வைக்கிறான் பலராமன்! தடுப்பவனே வழி திறந்துவிடும் இந்த முரணில்தான் நாடகத்தின் நகைச்சுவை முழுவதும் அடங்கியிருக்கிறது.

இக்கட்டமைப்பை உற்று நோக்கியபோது எங்களுக்கு வேறொரு நாடகம் நினைவுக்கு வந்தது. நாரதர் மூட்டிவிடும் காதல். வேடம் மாறி வரும் தலைவன். தடையாக நிற்கும் தமையன்மார். மறைவிலிருந்து உதவும் உறவினன். துறவியின் இடத்தில் கிழவனையும், கண்ணனின் இடத்தில் யானையாக வரும் விநாயகனையும் வைத்துப் பார்த்தால், அது தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) ‘வள்ளி திருமணம்’ அன்றோ? ஒன்று மற்றொன்றைப் பார்த்து எழுந்தது என்று நாம் கூறவில்லை. இரு மொழியாரும் காதலை மேடையேற்ற ஒரே வகையான விளையாட்டைத் தேர்ந்தனர் என்றே கூறுகின்றோம்.

சௌபத்திரத்தில் இசை நாடகத்திற்கு எவ்வாறு உழைக்கிறது என்பதற்கு ஒரு சான்று போதும். ஊடியிருந்த உருக்குமிணிக்குக் கண்ணன் விடியலைச் சுட்டிப் பாடும் இடம் உண்டு. அப்பாட்டின் இராகம் தேஸ்கார். நம் மோகனத்தின் ஐந்து சுரங்களே அதற்கும். ஆயினும் தைவதத்தில் நின்று நின்று செல்லும் அதன் நடை காலைப்பொழுதுக்கு உரியது. மேடையில் விளக்கு மாறுமுன் இராகம் மாறி, இரவு கழிந்தது என்று சொல்லிவிடுகிறது. ஊடலும் இரவோடு கழிகிறது. பாட்டை நீக்கினால் காட்சியே இல்லை. இசை நாடகம் என்னும் பெயருக்கு இதுவே தகுதி.

குறைகளையும் சொல்ல வேண்டும். அருச்சுனனாக நடித்தவர் நல்ல குரல்வளம் உடையவர். ஆனால் காதலியை இழக்கப் போகும் துயரத்தைப் பாடுகையில் அவர் கண்கள் தபலாக்காரரையே நாடின. ‘ஒன்ஸ்மோர்’ என்னும் குரல் மும்முறை எழுந்தது. மும்முறையும் அவர் மீண்டும் பாடினார். மூன்றாம் முறை அருச்சுனன் மறைந்து பாடகர் மட்டுமே எஞ்சினார். நம் பழைய நாடகக் கொட்டகைகளும் இந்நோய்க்கு விலக்கல்ல. மாறாக, சுபத்திரையாக நடித்த இளம்பெண் ஒரு பாட்டைச் சுருக்கமாக முடித்து, அதன் இறுதி அடியை ஏறத்தாழப் பேச்சாகவே விடுத்தார். அரங்கம் அப்போது கைதட்ட மறந்தது. அதுவே அவ்விரவின் உயர்ந்த கணம்.

இடைவேளையில் எங்களுடன் வந்த சிறுமி ஒருத்தி, “இதைப் போல் நம்முடைய நாடகத்தை எங்கே பார்க்கலாம்?” என்று கேட்டாள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர்களில் கோயில் திருவிழாவின்போது இரவு முழுதும் வள்ளி திருமணம் நடக்கிறது. ஆர்மோனியமும் மிருதங்கமும் முழங்க, நாரதரும் வள்ளியும் விடியும்வரை தர்க்கம் செய்கின்றனர். இதை அவளுக்குச் சொன்னோம். “நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?” என்றாள். எங்களுள் ஒருவரே பார்த்திருந்தார், அதுவும் பாட்டனாரின் தோளில் அமர்ந்து.

1882இல் பிறந்த நாடகத்துக்கு ஒரு வேலைநாள் இரவில் நகரத்தார் சீட்டு வாங்கி வருகின்றனர். நம் நாடகத்தையோ நகரத்துச் சபைகள் வாயிலிலேயே நிறுத்திவிட்டன. காரணம் யாது? பேசும்படம் என்பர். 1931க்குப் பின் நம் நாடகங்களும் நடிகர்களும் திரைக்குச் சென்றது உண்மையே; ‘பவளக்கொடி’ 1934இல் படமாயிற்று. ஆனால் மராத்தி மேடையும் அதே அடியை வாங்கிச் சாய்ந்ததுதான். வேறுபாடு பின்னர் நிகழ்ந்தது. பாஸ்கர்புவா பக்லே போன்ற பெரும் வித்துவான்கள் முன்பே மேடைக்கு இசை தந்திருந்தனர். நாடகப் பாட்டு கச்சேரியிலும் இடம்பெற்றது. 1964இல் ‘மத்ஸ்யகந்தா’வும் 1967இல் ‘கட்யார் காளஜாத் குஸலீ’யும் ஜிதேந்திர அபிஷேகியின் இசையில் எழுந்து புதிய தலைமுறையை ஈர்த்தன. 1968இல் பூனாவில் நடிகர் பாலகந்தர்வர் பெயரால் அரங்கமே எழுந்தது. வித்துவானும் இரசிகரும் நாடகப் பாட்டைத் தாழ்வென எண்ணாமையே அதனைக் காத்தது.

நாம் எண்ணினோம். கிட்டப்பாவின் பாட்டைப் போற்றினோம். அப்பாட்டு பிறந்த மேடையைப் ‘பாமரர் கூத்து’ என்று ஒதுக்கினோம். கூத்தாடியை வாயிலில் நிறுத்தும் பழக்கத்திற்கு இரசனை என்று பெயரும் சூட்டினோம். இக்குற்றத்தில், ஆண்டுதோறும் மார்கழிக்கு விரைந்து சென்று பங்குனித் திருவிழாவை மறந்துவிடும் நமக்கும் பங்குண்டு.

நள்ளிரவில் தளேகாவ் திரும்பியபோது பனி இறங்கியிருந்தது. அச்சிறுமி தந்தையின் மடியில் உறங்கிவிட்டாள். அவள் கேள்விக்கு விடை தர நம் சங்கத்தால் இயலும். வரும் ஆண்டுப் பொங்கல் விழாவில் திரைப்பாடல் போட்டிக்கு ஒதுக்கும் நேரத்தில் அரைமணியைப் பெற்று, நாரதர்–வள்ளி தர்க்கத்தை நம் பிள்ளைகளே பாடி நடிக்கட்டும். சுருதி சற்றே பிசகலாம். மராத்தி அண்டை வீட்டாரையும் அழைப்போம். நாரதரை அவர்கள் உடனே அறிந்துகொள்வார்கள்.