கூண்டுக்கு முன் நின்றவர்

பி. ஆர். பந்துலு 1961-இல் இயக்கிய ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தைப் பாராதவர் நம் தாமிரபரணிக் கரையில் மிகச் சிலரே இருப்பர். அதில் சிவாஜி கணேசன் சிதம்பரனாராகவே மாறி நிற்கிறார். செக்கிழுக்கும் காட்சியில் கலங்காத கண்ணில்லை. நமது குறை வேறு. அப்படத்தில் தியாகியைக் காண்கிறோம், கப்பலதிபரைக் காண்கிறோம், வழக்கறிஞர் வ.உ.சி.யைப் போதிய அளவு காண முடியவில்லை. ஒட்டப்பிடாரத்தில் ஏழைகளின் குற்ற வழக்குகளை ஏற்று வாதாடிப் போலீசாரின் பகையைத் தேடிக்கொண்டவர் அவர். அதனாலேயே தந்தையார் அவரைத் தூத்துக்குடிக்கு அனுப்ப நேர்ந்தது.

இக்குறையை நமக்கு உணர்த்தியது, பி.பி.சி. 2009 முதல் 2011 வரை பன்னிரண்டு பகுதிகளாக ஒளிபரப்பிய ‘காரோஸ் லா’ என்னும் தொடர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் எதிரிகளுக்காக வாதாடிய வில்லியம் காரோவே அதன் நாயகர். பெருங்குற்ற வழக்குகளில் எதிரியின் வழக்கறிஞர் ஜூரியை நோக்கிப் பேசும் உரிமை 1836-இல்தான் வந்தது. ஆகவே காரோவுக்கு எஞ்சியிருந்த ஒரே ஆயுதம் குறுக்கு விசாரணை. எதிரி தண்டிக்கப்பட்டால் 40 பவுன் வெகுமதி பெறும் ‘திருடன் பிடிப்போர்’ சாட்சிக் கூண்டில் ஏறும்போது, அவர்களுடைய ஆசையை அவர் கேள்விகளாலேயே வெளிப்படுத்துகிறார். (தொடரும் வரம்பு மீறத்தான் செய்கிறது. ‘சோங்’ என்னும் அடிமைக் கப்பல் வழக்கில் காரோவுக்குப் பங்கில்லை. தொடரோ அவரை அதற்குள் இழுத்து வந்துவிடுகிறது.)

ஃபிக்ஹு நூல்களில் நீதி பரிபாலனப் பகுதியைப் பாடம் நடத்துவோருக்கு இது அந்நியமான செய்தியன்று. சான்று கொணரும் பொறுப்பு வழக்குத் தொடுத்தவரைச் சார்ந்தது. சாட்சியின் நம்பகத்தைக் குலைத்துக் காட்டுவதை அரபியில் ‘ஜர்ஹு’ என்பர். காயப்படுத்துதல் என்பதே அச்சொல்லின் வேர்ப்பொருள். காரோவின் தொழில் முழுவதும் ஜர்ஹுதான்.

1908-இல் திருநெல்வேலியில் நடந்த வழக்கும் ஜர்ஹை வேண்டி நின்ற வழக்கே. சிதம்பரனார் பேசியது ஒரு குற்றம். சுப்பிரமணிய சிவாவுக்கு ஆதரவளித்தது மற்றொரு குற்றம். இரண்டும் மேடைப் பேச்சைப் பற்றியவை. கடற்கரையில் கேட்ட தமிழைக் குறித்துக்கொண்டவர் யார்? எவ்வளவு குறித்தார்? எவ்வளவு விட்டார்? நீதிபதி பின்ஹே அதற்கு விதித்தது இரட்டை ஆயுள், நாற்பதாண்டு. இந்திய மந்திரி மார்லியே இத்தண்டனைகளுக்குத் தம்மால் பரிந்து பேச இயலாதென வைசிராய் மின்டோவுக்கு எழுதினார். படத்தில் நாம் உருகுவது தண்டனையைக் கேட்டுத்தான், சாட்சியத்தைக் கேட்டன்று. கண்ணீர் எளிதில் வரும். ஒரு போலீஸ் சாட்சி தடுமாறும் அந்த ஒரு கணத்தை உண்டாக்குவதற்கோ எழுதுபவருக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும்.

1912-இல் விடுதலையாகி வந்தவரிடம் வழக்குரைக்கும் உரிமமும் இல்லை. பின்னர் அதை மீட்டுத் தந்தவர் வாலஸ் என்ற ஆங்கில நீதிபதி. அந்த நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார் சிதம்பரனார். கோவில்பட்டியில் அவர் மீண்டும் வழக்காடிய நாட்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும் பன்னிரண்டு பகுதிகளுக்குப் பொருள் உண்டு.