நிறம் அறியும் ரோபோவுக்கு எந்த சென்சார்?

பொழுதுபோக்காக ரோபோ செய்பவர்கள் நிற சென்சார் வாங்கும்போது விலையைப் பார்க்கிறார்கள், அடுத்து லைப்ரரி கிடைக்கிறதா என்று பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது வெளிச்சத்தை. விளக்கிலிருந்து கிளம்பி, பொருளில் பட்டுத் திரும்பி, வடிகட்டியைத் தாண்டி வந்து சேரும் ஒளியைத்தான் சென்சார் அளக்கிறது. ஜன்னல் வெயில் அதில் கலந்தால் ஒரே சிவப்புக் கட்டை காலையில் ஓர் எண்ணையும் மாலையில் வேறோர் எண்ணையும் தரும். ஆகவே வெளியொளியை எப்படிச் சமாளிக்கிறது, ஓடும் ரோபோவுக்கு எவ்வளவு சீக்கிரம் பதில் தருகிறது என்ற இரண்டையும் வைத்தே சென்சாரை எடைபோட வேண்டும்.

எளிதாகக் கிடைப்பது டிசிஎஸ்3200. அதில் 64 போட்டோடையோடுகள். சிவப்பு, பச்சை, நீலம், வடிகட்டி இல்லாதது என்று வகைக்கு 16. ஒளியின் அளவை அதிர்வெண்ணாக மாற்றித் தருவதால் எந்த மைக்ரோகன்ட்ரோலரும் அதை எண்ணிவிடும். வெள்ளை எல்இடிகளும் மாட்யூலிலேயே இருக்கின்றன. ஆனால் அகச்சிவப்பைத் தடுக்க அதில் ஏற்பாடு கிடையாது. வெயிலிலும் குண்டு பல்பிலும் அகச்சிவப்பு ஏராளம். அது நிற வடிகட்டிகளைக் கடந்து உள்ளே வர, மூன்று எண்களும் சேர்ந்து ஏறி, நிறங்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் அமுங்கிப்போகிறது. கறுப்புப் பொருளில் அதிர்வெண் குறைந்து அளக்கும் நேரமும் நீள்கிறது. மூடிய பெட்டிக்குள் வைத்தால் குற்றமில்லை. திறந்த தரையில் ஓடும் ரோபோவுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டிசிஎஸ்34725-இல் அகச்சிவப்புத் தடுப்பு சிப்பிலேயே இருக்கிறது. நான்கு அளவுகளையும் ஒரே சமயத்தில் எடுத்து, 16 பிட் எண்களாக இரண்டே சிக்னல் கம்பிகளில் (ஐ2சி) அனுப்புகிறது. ஒளியைச் சேர்க்கும் நேரத்தை 2.4 மில்லிவினாடியிலிருந்து நாமே கூட்டிக்கொள்ளலாம். பலர் சறுக்குவது இங்கேதான். 16 பிட்டும் முழுதாக வேண்டுமென்றால் 154 மில்லிவினாடி ஆகும். வினாடிக்கு 30 செ.மீ. ஓடும் ரோபோ அதற்குள் நாலரை செ.மீ. போய்விடும். 2 செ.மீ. பச்சைக் குறி வெள்ளைத் தரையோடு கலந்து வெளிறிவிடும். 24 மில்லிவினாடி வைத்தால் கடக்கும் தூரம் 7 மி.மீ.தான். எண் 10,240 வரை போகும். தரைக் குறியைக் கண்டுபிடிக்க அதுவே தாராளம். முகவரியை மாற்ற முடியாது என்பதுதான் உண்மையான தொல்லை. ஒரே ஐ2சி இணைப்பில் இரண்டை மாட்ட மல்டிபிளெக்சர் தேவைப்படும்.

நாமே செய்துகொள்வதும் ஒரு வழி. சிவப்பு, பச்சை, நீல எல்இடிகளை ஒன்றன்பின் ஒன்றாக எரித்து, திரும்பும் ஒளியை ஒரே போட்டோடிரான்சிஸ்டரால் அளக்க வேண்டும். லெகோ இவி3 நிற சென்சாரும் மூன்று நிற எல்இடிகளை மாற்றி மாற்றி எரித்தே நிறம் பார்க்கிறது. இதில் எனக்குப் பிடித்தது கழித்தல். எல்லா எல்இடியையும் அணைத்து ஓர் அளவு எடுத்து, மற்ற மூன்றிலிருந்தும் அதைக் கழித்தால் அறை வெளிச்சத்தின் பங்கு பெரும்பாலும் போய்விடும். இத்தனையும் சில மில்லிவினாடிகளில் முடியும். போட்டோடிரான்சிஸ்டருக்குப் பதிலாக எல்டிஆர் (ஒளிக்கேற்ப மாறும் மின்தடை) மட்டும் வேண்டாம். அது மந்தமானது, முந்தைய வெளிச்சத்தின் தாக்கமும் அதில் தங்கிவிடும். கறுப்புக் கூடு உள்ள போட்டோடிரான்சிஸ்டர் கண்ணுக்குத் தெரியும் ஒளியையே தடுக்கும், அதுவும் ஆகாது. தெளிந்த கூடு உள்ளதை வாங்குங்கள். சிலிக்கன் நீலத்தைக் குறைவாகவே உணரும் என்பதால், வெள்ளைத் தாளைக் காட்டி மூன்று எண்களையும் சமன்செய்தாக வேண்டும்.

பொருளை நிறுத்தி வைத்து நிறம் பிரிக்கும் ரோபோவுக்கும், முதல்முறை செய்பவருக்கும் டிசிஎஸ்34725-தான் சரி. வேகமாக ஓட வேண்டும், நாலைந்து சென்சார் வரிசையாக வேண்டும் என்றால் சொந்தமாகச் செய்வதே மேல். ஆர்டுயினோ யூனோவிலேயே ஆறு அனலாக் பின்கள் இருக்கின்றன.

எதைத் தேர்ந்தாலும் சென்சாரைச் சுற்றி மங்கலான கறுப்புக் குழாய் ஒன்றை மாட்டுங்கள், பளபளப்பு நேராகத் திரும்பாதபடி எல்இடியைச் சாய்த்து வையுங்கள், ரோபோ ஓடப்போகும் அதே தரையில், அதே உயரத்தில் அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். இவற்றைச் செய்யாமல் விலை கூடிய சென்சாருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.